பெண்ணியக் கலைக்கு விருது: பொன்னாடைக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

மார்ச் பிறந்தால் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கம் கல்லூரி, மில், அரிமா சங்கம், ரோட்டரி என்று எங்கு பார்த்தாலும் மகளிர் விருது விழாதான். அழைப்பிதழ்களில் "கலை வழியே பெண்ணியத்தை முன்னெடுத்த பெண்மணி" என்றொரு பிரிவும் இப்போது சேர்ந்திருக்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் அந்தப் பிரிவில் விருது வாங்குவோர் பெரும்பாலும் நன்றாகப் பரதம் ஆடுகிறவராக, வீணை வாசிக்கிறவராக, தஞ்சாவூர் ஓவியம் வரைகிறவராக இருக்கிறார்கள். திறமையில் குறை சொல்ல முடியாது. அந்தத் திறமை பெண்ணியத்துக்கு என்ன செய்தது என்பதை மட்டும் மேடையில் யாரும் சொல்வதில்லை. ஏற்பாட்டாளர்களுக்கே அது தெளிவாக இல்லை என்பதுதான் காரணம்.

விருதுக் குழுவில் முதல்முறையாக உட்காரப் போகிறவர்களுக்கும், பரிந்துரை அனுப்ப நினைப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை.

தறி வீட்டில் நெசவாளர் யார்?

சென்னிமலை, பவானி பக்கத்துக் கைத்தறி வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தறியில் உட்கார்ந்து நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கருவி) ஓட்டுபவர் வீட்டு ஆண். பாவுக்கு நூல் சரிசெய்வது, அறுந்த இழையை முடிவது, ராட்டையில் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் குழல்) சுற்றுவது எல்லாம் பெண்களின் வேலை. தார் தீர்ந்தால் தறி நிற்கும். ஆனால் நெசவாளர் சங்கத்தில் உறுப்பினர் பெயர் ஆணுடையது. கூலி அந்தப் பெயரில்தான் வரும். கணக்கெடுப்புக்கு வருபவர் "நெசவாளர் யாருங்க?" என்று கேட்டால் அந்தப் பெண்ணே அவரைத்தான் கைகாட்டுவார்.

இந்த வீட்டுக்கு மூன்று விதமாகப் பாராட்டு வரலாம். தறியில் உட்கார்ந்து நன்றாக நெய்யும் பெண் ஒருவரைக் கண்டுபிடித்துப் பரிசு கொடுக்கலாம். பெண் உருவத்தை அழகாக நெய்த ஜமக்காளத்துக்குக் கொடுக்கலாம். அல்லது, தார் சுற்றுவதும் நெசவுதான், அதற்கும் தனிக் கூலியும் பெயரும் வேண்டும் என்று ஊர் உணரும்படி செய்த ஒருவருக்குக் கொடுக்கலாம். மூன்றும் நல்ல காரியங்களே. மூன்றாவதைத்தான் பெண்ணியம் என்கிறோம்.

கலையிலும் இதே மூன்று வகை உண்டு. பெண் கலைஞர் என்பது ஆளைக் குறிக்கிறது. பெண்களைப் பற்றிய கலை என்பது பொருளைக் குறிக்கிறது. பெண்ணியக் கலை என்பது அந்தக் கலை செய்யும் வேலையைக் குறிக்கிறது. நம் விழாக்களில் முதல் இரண்டுக்கும் மூன்றாவதன் பெயரைச் சூட்டிவிடுகிறோம்.

பெண்ணியம், சுருக்கமாக

பெண் என்ற காரணத்துக்காகக் கூலி, சொத்து, படிப்பு, தன் உடல் மீதான முடிவு, பொது இடத்தில் நடமாட்டம் ஆகியவை ஒருவருக்குக் குறைத்துக் கொடுக்கப்படுவதை, விதி என்று விட்டுவிடாமல், மனிதர் செய்த ஏற்பாடாகப் பார்த்து மாற்ற முனையும் சிந்தனையும் செயலும் பெண்ணியம்.

இது வெளியூர்ச் சரக்கு என்று நினைப்பவர்கள் நம் பக்கத்து வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1921, 1922 வாக்கில் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்குத் தெருவில் இறங்கியவர்கள் பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும். 1925 மே மாதம் பெரியாரின் குடிஅரசு இதழ் தொடங்கியது ஈரோட்டில்தான். பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பாராட்டுதல் பற்றி யோசிக்கும்போது இன்னொரு நாளையும் மறக்கக் கூடாது. 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா.வைப் 'பெரியார்' என்று அழைக்கத் தீர்மானித்தது. கலைக்கான பட்டம் இல்லைதான். ஆனாலும் பட்டம் கொடுத்தவர்கள் பெண்கள். என்ன காரணத்துக்காகக் கொடுக்கிறோம் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதினார்கள். ஒரு பாராட்டு நிலைக்க இந்த இரண்டும் போதும்.

ஒரே பெண், இரண்டு பாராட்டுரை

விருதோடு வாசிக்கப்படும் காரண விளக்கத்தைப் பாராட்டுரை என்கிறோம். விருதின் உயிர் அதில்தான் இருக்கிறது. கேடயம் அலமாரிக்குப் போய்விடும், பாராட்டுரைதான் செய்தியாகவும் வரலாறாகவும் மாறும்.

கொடுமுடியில் 1908இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாளை எடுத்துக்கொள்வோம். அவருக்கு இன்று ஒரு பாராட்டுரை எழுதச் சொன்னால் பெரும்பாலோர் இப்படித்தான் எழுதுவார்கள்: "தெய்வீகக் குரலால் முருகனையும் அவ்வையையும் நம் கண்முன் நிறுத்தியவர். கணவர் கிட்டப்பா மறைந்த பின் வெள்ளைச் சேலை உடுத்தித் தவவாழ்வு வாழ்ந்த உத்தமி." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இது பாராட்டுவது அவருடைய குரலையும் கைம்மையையும்.

அதே வாழ்க்கையிலிருந்து இன்னொரு உரை எழுதலாம்: "நாடக மேடையில் பெண் நடிகையை இழிவாகப் பார்த்த காலத்தில் தன் பெயரால் கூட்டம் சேர்த்தவர். 1935இல் வெளிவந்த நந்தனார் படத்தில், தீண்டாமைக்கு ஆளான ஆண் பக்தரின் வேடத்தைப் பெண்ணாக இருந்து ஏற்று நடித்தவர். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் வாங்கியவர். விடுதலை இயக்க மேடைகளில் பாடி, பின்னாளில் சட்ட மேலவை உறுப்பினராக அமர்ந்தவர்." இதிலும் எல்லாம் உண்மை. இது பாராட்டுவது அவர் எடுத்த முடிவுகளையும், அவை பிற பெண்களுக்குத் திறந்துவிட்ட இடத்தையும்.

முதல் உரையைக் கேட்கும் பெண் பிள்ளைக்கு, நல்ல பெண் எப்படித் துக்கம் காக்க வேண்டும் என்பது போய்ச் சேரும். இரண்டாவதைக் கேட்பவளுக்கு, தன் வேலைக்குத் தானே விலை பேசலாம் என்பது போய்ச் சேரும். விருதுக் குழுவுக்கு ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், பாராட்டுரையை ஒழுங்காக எழுதுவதையே செய்யட்டும். 150 முதல் 200 சொற்கள் போதும். அதில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: எந்தப் படைப்பு, அது எந்த ஏற்பாட்டைக் கேள்வி கேட்டது, அதனால் எங்கே என்ன அசைந்தது.

ஒரு சொற்றொடரை மட்டும் கண்டிப்பாக வெட்டிவிடுங்கள்: "குடும்பத்தையும் குறைவில்லாமல் கவனித்துக்கொண்டு கலையிலும் சாதித்தவர்." வீட்டு வேலை முழுவதும் பெண்ணின் தலையில்தான் என்ற ஏற்பாட்டுக்கு அந்த வரி மேடையிலேயே கைதட்டல் வாங்கிக் கொடுத்துவிடுகிறது. ஆண் கலைஞர் எவருக்கும் அப்படி ஒரு வரியை நாம் வாசிப்பதில்லை.

மேடையில் பெண்கள் நின்றால் போதுமா?

கொங்கு நாட்டில் இதைப் புரிந்துகொள்ள வள்ளி கும்மியை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. வள்ளி திருமணக் கதையைப் பாடி ஆடும் இந்தக் கலை முன்பு ஆண்கள் ஆடியது. மேட்டுப்பாளையம் பகுதியைச் சேர்ந்த மூத்த ஆசிரியர் பத்திரப்பன் அந்த வழக்கத்தை உடைத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இன்று நோம்பி (ஊர்க் கோயில் திருவிழா) எடுக்கும் ஊர்களில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நிறச் சேலையில், அம்மாவும் மகளும் ஒரே வரிசையில், விடிய விடிய ஆடுகிறார்கள். மாலைக்குப் பிறகு வாசல் தாண்டாத பெண்கள் ஊர் மைதானத்தைத் தமதாக்கிக்கொண்டார்கள் என்பது சின்ன விஷயமே இல்லை.

அதே கும்மி மேடைகள் சிலவற்றில், சொந்த சாதிக்குள்தான் திருமணம் செய்வோம் என்று பெண்களை உறுதிமொழி எடுக்க வைத்த காட்சிகளும் வெளியாகிப் பெரும் விவாதமாயின. ஆட்டம் ஒன்று, சேலை ஒன்று, தாளம் ஒன்று. ஒரு மேடை பெண்ணுக்கு இரவையும் மைதானத்தையும் கொடுத்தது. இன்னொரு மேடை அவள் யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற முடிவை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது. கலையின் பெயரையும் ஆடியவர்களின் எண்ணிக்கையையும் பார்த்து விருது கொடுத்தால் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

ஆகவே படைப்பிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பேசுவது யார்? முடிவெடுப்பது யார்? வழக்கம் என்று இருப்பதை இந்தப் படைப்பு அப்படியே விடுகிறதா, கேள்வி கேட்கிறதா?

கொங்கு நாட்டில் வாய்மொழியாகப் பாடப்படும் அண்ணன்மார் கதையைப் பாருங்கள். உடுக்கடித்துப் பாடுவோர் பெரும்பாலும் ஆண்கள். அண்ணன்கள் பொன்னர், சங்கரின் வீரம் முன்னால் நிற்க, தங்கை தங்காள் அவர்கள் மடிந்த படுகளத்தில் அழுகிறவளாக வருகிறாள். அதே தங்காளின் ஒப்பாரியை ஒரு பெண் எடுத்து, "உங்கள் மானத்துக்குச் சண்டை போட்டீர்கள், எனக்கு என்ன மிச்சம் வைத்தீர்கள்?" என்று கேட்கும்படி பாடினால் என்ன ஆகும்? மெட்டு மாறவில்லை, கதை மாறவில்லை. பேசுகிறவள் மாறிவிட்டாள், கேள்வியும் வந்துவிட்டது. இப்படிப் பாடுபவருக்குத் தயங்காமல் விருது கொடுக்கலாம். ஒப்பாரியை மரபு வழுவாமல் உருக்கமாகப் பாடுபவருக்குச் சிறந்த நாட்டுப்புறக் கலைஞர் என்று வேறொரு விருது கொடுங்கள். அவருக்கும் அது உரியதே.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால்: பெண் செய்தாள் என்பதோ, பெண்ணைப் பற்றியது என்பதோ போதாது. பெண்ணுக்கு எதிரான ஓர் ஏற்பாட்டைப் படைப்பு எப்படி அசைத்தது என்று சொல்ல முடிய வேண்டும். அதைச் சொல்லும் இடம் பாராட்டுரை.

தனி விருது எதற்கு?

"திறமை இருந்தால் பொது விருதே வருமே" என்பது அடிக்கடி கேட்கும் எதிர்வாதம். சாகித்திய அகாதெமி தமிழுக்கு 1955இலிருந்து விருது கொடுக்கிறது. முதல் பெண் ராஜம் கிருஷ்ணன், 1973இல். பிறகு 1984இல் லக்ஷ்மி, 2005இல் திலகவதி, 2021இல் அம்பை. 2024 வரைக்குமான பட்டியலில் பெண்கள் இந்த நால்வரே. இத்தனை ஆண்டுகளில் தமிழ்ப் பெண்கள் நன்றாக எழுதவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அடைப்பு எங்கே இருக்கிறது? கலை வரலாற்றறிஞர் லிண்டா நாக்லின் 1971இல் இதைத் தெளிவாகக் காட்டினார். மேற்கில் பெரிய ஓவியராக, ஆடையில்லாத மனித உடலைப் பார்த்து வரையும் பயிற்சி கட்டாயம். அந்த வகுப்புக்குள் நெடுங்காலம் பெண்களை விடவில்லை. பிறகு "பெண்களில் பெரிய ஓவியர் ஏன் இல்லை?" என்று கேட்டார்கள். 1989இல் நியூயார்க்கில் கெரில்லா கேர்ள்ஸ் என்ற குழுவினர் ஒரு பெரிய அருங்காட்சியகத்தின் நவீன ஓவியப் பிரிவை எண்ணிப் பார்த்துச் சுவரொட்டி ஒட்டினார்கள்: அங்கே கலைஞர்களில் பெண்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு, நிர்வாண ஓவியங்களிலோ 85 விழுக்காடு பெண்கள்.

நம் பக்கத்தில் வகுப்புக் கதவு வேறு வடிவில் சாத்தப்படுகிறது. ஒத்திகை இரவில். கூத்து விடியும் வரை. திரும்பப் பஸ் கிடையாது. கல்யாணம் ஆனால் சலங்கை பரணுக்குப் போகும். தீட்டு என்று சில நாள் கோயில் மேடை கிடையாது. பயிற்சி இல்லாததால் மேடை இல்லை, மேடை இல்லாததால் விமர்சனம் இல்லை, விமர்சனம் இல்லாததால் விருதுப் பட்டியலில் பெயர் இல்லை. தனி விருது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் கைவைக்கிறது. அது பின்னோக்கி வேலை செய்ய வேண்டும் என்றால் பணமும் பதிவும் கூடவே போக வேண்டும். வெறும் பொன்னாடை எந்தக் கண்ணியையும் தளர்த்தாது.

தேர்வு நடத்தும் முறை

ஆறு மாதமாவது முன்னால் தொடங்குங்கள். விதிகள் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்: எந்தக் கலைகள், எந்தப் பகுதி, எத்தனை ஆண்டுப் படைப்பு, திருநங்கையர் விண்ணப்பிக்கலாம் என்ற வரி, குழுவாக விண்ணப்பிக்கலாமா என்ற வரி. திருநங்கையர் பற்றி முன்பே எழுதாவிட்டால் விண்ணப்பம் வந்த பிறகு ஆளைப் பார்த்து விதி எழுதுவதாகிவிடும். திருநங்கையான நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ வாங்கிவிட்ட பிறகும் உள்ளூர்க் குழுக்கள் இதில் தடுமாறுவது வருத்தமாக இருக்கிறது.

பரிந்துரைக்கு எட்டு வாரம் கொடுங்கள். தன்னைத் தானே பரிந்துரைக்கவும் வழி வேண்டும். நம் ஊரில் பெண்கள் தம் பெயரைத் தாமே சொல்லக் கூச்சப்படுவார்கள் என்பதால், பிறர் பரிந்துரைக்கும் படிவத்தைப் பள்ளி, நூலகம், மகளிர் சுய உதவிக் குழு, கும்மி ஆசிரியர்கள் வரை கொண்டுசேருங்கள். எழுத்துப் படிவம் மட்டும் வைத்தால் எழுதத் தெரியாத ஒப்பாரிப் பாடகி தொடக்கத்திலேயே விழுந்துவிடுவார். வாட்ஸாப்பில் குரல் பதிவாகவும் வாங்கிக்கொள்ளலாம்.

நடுவர்கள் ஐந்து பேர், அதில் மூவராவது பெண்கள், ஒருவராவது இன்றும் ஆடுகிற அல்லது பாடுகிற நாட்டுப்புறக் கலைஞர். பணம் கொடுத்தவர் நடுவராக இருக்கக் கூடாது. தன் மாணவியோ உறவோ பட்டியலில் இருந்தால் அந்த நடுவர் அந்தப் பெயர் வரும்போது எழுந்து போய்விட வேண்டும், இதை முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மேலே சொன்ன மூன்று கேள்விக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் எழுதிக் கொடுத்த பிறகுதான் பேச்சு தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் வயதில் மூத்தவர் முதலில் வாயைத் திறந்ததும் மற்ற நால்வரும் தலையாட்டிவிடுவார்கள். இந்த ஒரு ஒழுங்கை மட்டும் கடைப்பிடித்தாலே முடிவு வெகுவாக மாறும்.

முடிவானதும் முதலில் கலைஞரைக் கூப்பிடுங்கள். "உங்க பேர அறிவிக்கலாமுங்களா? பணம் குடுக்கறவங்க இன்னாருங்க" என்று இரண்டையும் சொல்லிச் சம்மதம் கேளுங்கள். 2023 பிப்ரவரியில் கவிஞர் சுகிர்தராணி, தமக்கு அறிவிக்கப்பட்ட ஒரு விருதை, அதன் முதன்மைப் புரவலர் யார் என்று தெரிந்ததும் மறுத்தார். தம் கொள்கைக்கு ஒவ்வாத பணம் என்று வெளிப்படையாகவே சொன்னார். அறிவிக்கும் முன்பே புரவலர் பெயரைச் சொல்லிவிட்டால் இரு தரப்புக்கும் சங்கடம் இல்லை.

ஒரு லட்ச ரூபாயை எப்படிப் பிரிப்பது?

நம் விழாக்களில் பணம் பெரும்பாலும் மண்டபம், ஃபிளெக்ஸ், சாப்பாடு, கேடயம் என்றே கரைகிறது. ஒரு லட்சம் இருந்தால் எங்கள் பரிந்துரை இது: கலைஞருக்கு 60,000. படைப்பைப் பதிவு செய்ய 15,000. நடுவர்களின் பயணத்துக்கும் மதிப்பூதியத்துக்கும் 10,000. இடம், ஒலிபெருக்கி, டீ, பலகாரத்துக்கு 10,000. கலைஞரும் கூட வருபவர்களும் வந்துபோக 5,000. கல்லூரி அரங்கைக் கேட்டு வாங்கினால் இன்னும் மிச்சமாகும்.

பணம் அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். குழுத் தலைவரிடமோ கணவரிடமோ காசோலையை நீட்டினால் தறி வீட்டுக் கூலிக் கதைதான் மறுபடியும். குழுவுக்கான விருது என்றால் எல்லார் பெயரையும் பாராட்டுரையில் எழுதி, பங்கை ஒவ்வொருவர் கணக்குக்கும் அனுப்புங்கள். வேலை கூடுதல்தான், ஆனாலும் தவிர்க்கக் கூடாது.

தேதியிலும் கவனம் வேண்டும். மாசி முதல் சித்திரை வரை நோம்பிக் காலம், நாட்டுப்புறக் கலைஞர்களுக்குச் சம்பாத்தியம் வரும் மாதங்கள். மார்ச் 8 அன்று சாயங்காலம் மேடைக்கு வரச் சொன்னால் ஓர் இரவுக் கூலி போய்விடலாம். விழாவை ஆவணி, புரட்டாசியில் வைத்துப் பாருங்கள். மார்ச்சில் ஒரே பெண் பத்து இடத்தில் பொன்னாடை வாங்கி, ஏப்ரலில் ஆளே தேடாத நிலையும் மாறும். நோம்பிக் காலத்தில் நடுவர்கள் ஊர் ஊராகப் போய் ஆட்டத்தை நேரில் பார்த்தும்விடலாம்.

பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை. விருது தருகிறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள், விருந்தில் ஒரு மேசைக்குப் பணம் கட்டுங்கள், கௌரவ டாக்டர் பட்டமும் உண்டு என்று யாராவது கூப்பிட்டால் அது வியாபாரம். ஒழுங்கான விருது எதுவும் பெறுபவரிடம் பணம் கேட்காது.

விழா முடிந்த பிறகு

பதிவு என்றால் விழா ஃபோட்டோ இல்லை. பாடலின் முழு வரிகள், யாரிடம் கற்றார், எந்த ஊர் வழக்கு, எப்போது எப்படி மாற்றினார், ஏன் மாற்றினார் என்பது. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் அம்பை 1988இல் மும்பையில் தொடங்கிய ஸ்பாரோ என்ற ஆவணக் காப்பகம் பெண்களின் குரலையும் படங்களையும் சேகரிப்பதையே வேலையாகக் கொண்டது. அந்த அளவுக்கு முடியாவிட்டாலும், அமைதியான அறை, நல்ல ஒரு மைக், இரண்டு மணி நேரப் பேட்டி, கோப்புகளுக்கு இரண்டு நகல் என்பது எந்த ஊர்ச் சங்கத்துக்கும் முடியும். ஒரு நகல் கலைஞரிடம் இருக்க வேண்டும். யார் எதற்குப் பயன்படுத்தலாம் என்று அவர் சொன்னபடி எழுதிக் கையெழுத்தோ குரல் ஒப்புதலோ வாங்குங்கள். கேட்காமல் யூடியூபில் ஏற்றினால் பாராட்டியவர்களே பறித்தவர்களாகிவிடுவார்கள்.

இன்னொரு கடமையும் இருக்கிறது. ஏற்பாட்டைக் கேள்வி கேட்கும் கலைக்கு எதிர்ப்பு வரும். 2000களின் தொடக்கத்தில் தம் உடலைப் பற்றி எழுதிய தமிழ்ப் பெண் கவிஞர்கள் கேட்ட வசைகளை இலக்கிய உலகம் அறியும். விருது கொடுத்த அமைப்பு அந்த நேரத்தில் வாய் மூடியிருந்தால் பாராட்டுரை பொய்யாகிறது. "இந்தப் படைப்பை நாங்கள் படித்தோம், இந்தக் காரணத்துக்காகப் பாராட்டினோம், அந்த நிலையில் மாற்றமில்லை" என்று இரண்டு வரி அறிக்கை விடுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

ஆண்களுக்குக் கொடுக்கலாமா?

கடைசியில் எப்போதும் வரும் கேள்வி இது. பத்திரப்பன் போன்றவர்கள் பெண்களுக்குக் கதவைத் திறந்தவர்கள், அவர்களுக்குப் பாராட்டு வந்தது நியாயம். ஆனால் அந்தக் கதவின் வழியே முதலில் உள்ளே வந்த பெண்கள் இருப்பார்கள். ஊர் என்ன சொல்லும் என்று தெரிந்தே மைதானத்தில் இறங்கியவர்கள், வீட்டில் ஏச்சு வாங்கியும் ஒத்திகைக்குப் போனவர்கள். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. இந்த விருதை அவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரின் பெயரைப் பாராட்டுரையில் நன்றியோடு எழுதுங்கள். ஊர் ஊராகப் போய் முதல் வரிசையில் ஆடியவர் யார் என்று கேட்டால் இன்றைக்கும் பெயரும் வீடும் சொல்வதற்கு ஆள் இருக்கிறார்கள். அடுத்த பரிந்துரைப் பட்டியலை அங்கிருந்தே தொடங்கலாம்.